மண்டபத்தில் நீ பேசாதிருந்த மாலை

போன ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளியில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தேன். வாசலில் பன்னீர் தெளித்தார்கள். உள்ளே போனதும் அதையும் மீறி, மடித்து வைத்த ஜமக்காளத்தின் புழுக்க வாடை வந்தது. சட்டென்று தெரிந்துவிட்டது, இது நம் மண்டபம். நம்மைக் கைது செய்து அடைத்து வைத்த மண்டபம். மணமக்களோடு மேடையில் நிறுத்தி என்னை ஃபோட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள். எனக்கு உன் நினைப்பாகவே இருந்தது.

அடையாற்றுக் கரை வீடுகளை இடிக்க வந்தபோது அங்கிருந்தவர்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் குழுவிலிருந்து நாம் இருவரும் போனோம். நான் பேங்குக்கு லீவு சொல்லிவிட்டு வந்தேன். கோடம்பாக்கத்தில் கதாநாயகிகளுக்குக் குரல் கொடுக்கும் நீ, டப்பிங்கைத் தள்ளிப்போட்டுவிட்டு வந்தாய். போலீஸ் அடிக்கத் தயங்கும் என்று போராட்டக் குழு பெண்களைத்தான் முன்வரிசையில் உட்கார வைத்தது. மைக் மட்டும் ஆண்கள் கையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மாற்று வீடு கொடுத்தால் அதைப் பெண்கள் பேரில் கொடுக்க வேண்டும் என்று நீ மனுவில் எழுதச் சொல்லியிருந்தாய். போராட்டக் குழுத் தலைவர் அதை எடுத்துவிட்டார். முதலில் வீடு வரட்டும், யார் பேரில் இருந்தால் என்ன என்றார். கெட்ட மனிதர் இல்லை. அதனாலேயே எனக்குக் கோபம் அதிகமாக வந்தது.

மண்டபத்துக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வந்ததும் பரிமாறுவதற்கு வழக்கம்போல் பெண்களை எழுப்பினார்கள். நீ பொட்டலப் பையைத் தலைவர் கையில் கொடுத்து, நீங்களே கொடுங்கள் தோழர், உங்களுக்கு நன்றாக வரும் என்றாய். அவரும் சிரித்துக்கொண்டே வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனார். உன்னோடு சண்டை போடுவது அவ்வளவு கஷ்டம்.

பொழுது சாயும் நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். இருட்டிய பிறகு பெண்களை வைத்திருக்க முடியாது, கிளம்புங்கள், ஆண்களை மட்டும் ரிமாண்ட் செய்யப்போகிறோம் என்றார். தலைவரும் போகச் சொன்னார். நீ ஜமக்காளத்தில் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டாய். செருப்பு மாட்டியிருந்த பெண்கள் அதைப் பார்த்து ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். மண்டபமே உன்னைப் பார்த்தது. அத்தனை கதாநாயகிகளுக்குப் பேசிய குரல் இப்போது தனக்காகப் பேசப்போகிறது என்று நான் காத்திருந்தேன். நீ பக்கத்தில் இருந்த, ஆற்றங்கரையில் இட்லிக்கடை வைத்திருந்த செல்வியைத் திரும்பிப் பார்த்தாய். அவ்வளவுதான்.

செல்வி எழுந்தாள். இன்ஸ்பெக்டரிடம் அல்ல, தலைவரிடம் பேசினாள்.

"உங்கள வுட்டுட்டு நாங்க போவ மாட்டோம்ணா. ஆனா எம் பேர்ல இல்லாத வூடு எனக்கு இன்னாத்துக்கு? இங்க எம் புருசன் குடிச்சிட்டு வந்து வெளிய தள்றான். அங்க போயும் நான் வெளியதான் நிக்கணுமா?"

தலைவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு, மனுவில் சேர்த்துவிடலாம் என்றார். பெண்கள் நகராததால், போலீஸார் எங்கெங்கோ ஃபோன் பேசிவிட்டு எல்லாரையும் சேர்த்தே விடுவித்தார்கள்.

நீ ஏன் பேசவில்லை என்று பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். "நான் பேசியிருந்தா கை தட்டியிருப்பாங்கடி. அவ பேசினா பதில் சொல்லியாகணும்ல?" என்றாய்.

கரையை நம்மால் காப்பாற்ற முடியவில்லை. ஊருக்கு வெளியே எங்கோ வீடு கொடுத்தார்கள். ஆனால் பெண்கள் பேரில் கொடுத்தார்கள். ஒரு நாள் செல்வி புருஷனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டாள் என்று கேள்விப்பட்டு, ரெக்கார்டிங் கெட்டுப்போகும் அளவுக்கு நீ சிரித்தாயாம்.

நீ போன அன்று அவளும் மற்றப் பெண்களும் அத்தனை தூரத்திலிருந்து வந்தார்கள். வண்டி கிளம்பும்போது உன் சித்தப்பா, பெண்கள் இதோடு நின்றுகொள்ளலாம் என்றார். எனக்கு ஒரு பெரிய பிரசங்கமே வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் செல்வி முன்னால் போய் நின்றாள்.

"அக்கா எங்கள நடுவுல வுட்டுட்டுப் போனதில்ல சார். நாங்களும் வுட மாட்டோம்."

அவர் விலகிக்கொண்டார். நாங்கள் எல்லாரும் உன்னோடு சுடுகாடுவரை நடந்தோம். அந்தப் பிரசங்கம் இன்னும் என் வாய்க்குள்ளேயே இருக்கிறது. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், முதலில் ஒரு செல்வி பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறேன்.