குப்புறப் படுத்தபடி கேட்ட கொலைகள்

ஜூன் 4

மலை மேல் பங்களா நாவலை இன்று ஒருவழியாக முடித்தேன். அடைமழை, உடைந்த பாலம், வேலை செய்யாத போன், உள்ளே ஒன்பது விருந்தாளிகள், அதில் ஒருவர் பிணம். இவர்கள் எல்லாம் ஏன்தான் மழைக்காலம் பார்த்தே மலைக்குப் போகிறார்களோ. ஆலை முதலாளி, பாலில் கலந்த இரண்டே இரண்டு தூக்க மாத்திரையில் செத்துப்போகிறார். நானும் மருந்துக் கடை கவுன்டரில் வருஷக்கணக்காக நிற்கிறேன். அந்த மாத்திரை இரண்டு போட்டால் மனுஷன் மறுநாள் ஆபீசுக்கு லேட்டாகப் போவான், அவ்வளவுதான். எழுதியவர் ஒரு தடவை எங்கள் கடைப் பக்கம் வந்து கேட்டிருக்கலாம். விஷம் தரமாட்டேன், விவரமாவது தந்திருப்பேன்.

கடைசியில் துப்பறிகிறவர் எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்து இருபது பக்கம் பேசுகிறார். கொலைகாரனும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறான். என் வீட்டுக்காரர் பேசுவதை நான் இரண்டு நிமிஷம் அப்படிக் கேட்டதில்லை.

பத்துக்கு மூன்று மார்க். அதுவும் அந்தச் சமையல்காரிக்காக. அத்தனை பேரில் அவள் ஒருத்திதான் ஏதோ வேலை செய்தாள்.

ஜூன் 7

வீட்டுக்காரரின் அக்காவுக்கு விழித்திரை கழன்றுவிட்டதாம். அதுவும் நல்ல கண்ணில். இன்னொரு கண் சின்ன வயதிலிருந்தே நிழல் மட்டும் தெரிகிற கண். ஆபரேஷன் முடிந்துவிட்டது. உள்ளே ஏதோ வாயுவை நிரப்பியிருக்கிறார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமானால் பத்து நாள் முகம் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டுமாம். சாப்பாடு, தூக்கம், பேச்சு, எல்லாம் குனிந்தபடி. தனியாக இருக்கிறவர். எங்கே வருவார்? இங்கேதான்.

“பத்து நாள்தானே” என்றார் இவர், பெட்டியை அடுக்கிக்கொண்டே. பம்ப்செட் விற்க ஊர் ஊராகச் சுற்றுகிறவருக்கு எல்லாமே ‘தானே’தான்.

நாத்தனார் ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியை. விசில் இல்லாமலே விசில் அடிக்கிற குரல். கல்யாணமாகி வந்ததிலிருந்து என்னிடம் நேராகப் பேசியது ரொம்பக் குறைவு. “உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு” என்பார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். நானும் லேசுப்பட்டவள் இல்லை. “உங்க அக்காகிட்ட சொல்லுங்க” என்பேன். பெரிய சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டை போட்டிருந்தால் எப்போதோ சரியாகியிருக்கும்.

இப்போது நடுவில் நிற்கிற ஆளே ஊரில் இல்லை. கடையில் லீவு சொல்லிவிட்டேன்.

ஜூன் 9

வந்துவிட்டார். கட்டிலில் குப்புறப் படுக்கை, நெற்றிக்கு வளைந்த தலையணை. நாள் முழுக்க இரண்டு பேரும் பேசியது மொத்தம்: “தண்ணி.” “இந்தாங்க.” உறிஞ்சுகுழாய் வைத்துக் கொடுத்தேன். டிவி பார்க்க முடியாது, போன் கூடாது. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளை “நிமிர்ந்து நில்” என்று விரட்டியவர், தரையில் இருக்கிற டைல்ஸை எண்ணிக்கொண்டு கிடக்கிறார்.

ஜூன் 10

மாலையில் பக்கத்து அறையில் புதுப் புத்தகம் ஒன்றைத் திறந்தேன். பிணத்தைப் பார்த்த இன்ஸ்பெக்டர், ‘இறந்தவர் உயிரோடு இல்லை என்பதை உடனே புரிந்துகொண்டார்’. என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

“என்ன சிரிப்பு?” என்று கட்டிலிலிருந்து குரல். நேராக எனக்கே.

ஒரு கொலை, அண்ணி, என்றேன். யாரை என்றார். வட்டிக்கடைக்காரரை. “அதைச் சத்தமாத்தான் படியேன், நானும் கேக்கிறேன்” என்றார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு ஐந்து அத்தியாயம் வாசித்தேன். பிணம் மாதிரி கிடக்கிற ஒருவருக்குப் பிணம் விழுகிற கதையை வாசித்துக் காட்டுவது என் விதியில் எழுதியிருந்தது போல.

ஜூன் 12

நாலு பக்க நிலா வர்ணனையைச் சத்தமில்லாமல் தாண்டினேன். “இப்பதான் தோட்டத்துல இருந்தான், அதுக்குள்ள எப்படி மாடிக்கு வந்தான்?” என்று பிடித்துவிட்டார். நிலா, அண்ணி, போரடிக்குது என்றேன். போரடிக்குதா இல்லையான்னு நான் சொல்றேன், நீ படி என்றார். படித்தேன். ஒரு பக்கம் முடிவதற்குள், “சரி, தாண்டு” என்றார்.

ஜூன் 13

கொலைகாரன் குடும்ப டாக்டர். இரண்டாம் அத்தியாயத்திலேயே நாத்தனார் சொல்லிவிட்டார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கு அந்த முதுகிலேயே ஒரு வெற்றிச் சிரிப்பு தெரிந்தது.

ஜூன் 16

துப்பறியும் புத்தகம் கையில் தீர்ந்துவிட்டது. ஒரு காதல் நாவல்தான் மிச்சம். கோடீஸ்வரன், செதுக்கிய தாடை, யாரையும் சிரித்துப் பார்க்காத முகம். அவன் ஆபீசில் டைப் அடிக்க வந்து, தினம் ஒரு தடவை அவன் மேலேயே தடுக்கி விழுகிற பெண். இப்படி விழுகிறவளை முதலில் காது டாக்டரிடம் காட்ட வேண்டும், சமநிலைக் கோளாறாக இருக்கும் என்றேன். நாத்தனார், அவளுக்குக் கணுக்காலில் பலமே இல்லை, என்கிட்ட ஒரு மாசம் விட்டால் சரி பண்ணிவிடுவேன் என்றார். குப்பை என்றார். இதையெல்லாம் யார் வாசிக்கிறார்கள் என்றார்.

மத்தியானம் நான் பழைய வாரப் பத்திரிகை ஒன்றை எடுக்கப் போக, “அந்தக் குப்பையில அவன் ஏர்போர்ட்டுக்குப் போனானா இல்லையா?” என்று கேட்டார்.

போனான், அண்ணி. இந்த மாதிரிக் கதையில் எல்லாக் கோடீஸ்வரனும் போவான்.

ஜூன் 19

டாக்டர் பார்த்தார். விழித்திரை ஒட்டியிருக்கிறதாம். இனி நிமிரலாம். நாத்தனார் ஆஸ்பத்திரி வாசலில் நிமிர்ந்து நின்று தோள் இரண்டையும் சுழற்றினார். வாயு கரையக் கரையப் பார்வை தெளியும், அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்று சொன்னது யார் என்று கேட்டால் – நான்தான். வாய் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம். நேற்று புதிதாக வாங்கிய, லிஃப்டில் கொலை நடக்கிற நாவல் வேறு இன்னும் தொடங்கவில்லை.

ஜூலை 2

லிஃப்ட் நாவல் பிரமாதம். அநியாயத்துக்குப் பிரமாதம். ஏழாவது மாடியில் ஒருவர் நல்லபடியாக லிஃப்டில் ஏறுகிறார். நடுவில் எங்கேயும் கதவு திறக்கவில்லை. கீழே வந்து கதவு திறந்தால், கத்திக்குத்து, பிணம். நாத்தனார், கொன்றது லிஃப்ட் மெக்கானிக் என்கிறார். நான் பெண்டாட்டி என்கிறேன். காலையில் கடைக்குப் போய்விட்டு வந்து தினமும் இரண்டு அத்தியாயம். இன்று சாப்பாட்டு மேசையில் டம்ளர், உப்பு டப்பா எல்லாம் வைத்து ஏழு மாடி கட்டினோம். இவர் ஊரிலிருந்து வந்து உப்பைக் கேட்டார். ஆறாவது மாடியை எடுக்கக் கூடாது என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு உப்பில்லாமல் சாப்பிட்டார்.

ஜூலை 8

இத்தனை துப்பறியும் நாவல் வாசித்தேனே, என்ன பிரயோஜனம்? என் மூக்குக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை.

மூன்று நாளாக நாத்தனார் தலையை இடது பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார். கழுத்து வலியோ என்று தைலம் கொடுத்தேன். நேற்று டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றினார். இன்று காலை வாசல்படியைக் காலால் தடவித் தேடினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உட்காரவைத்துக் கேட்டேன். கீழ் மூலையிலிருந்து கறுப்பாக ஒரு திரை மேலே வருகிறது என்றார். எப்போதிலிருந்து? சனிக்கிழமையிலிருந்து.

மறுபடியும் கழன்றிருக்கிறது. மத்தியானமே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இன்னொரு ஆபரேஷன், இந்தத் தடவை உள்ளே எண்ணெய், மறுபடியும் குப்புற. தாமதம் பண்ணினால் அந்தக் கண் போய்விடும் என்றார். நாத்தனார், யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டார். யோசிக்கிறதாமே, யோசிக்கிறது!

ஜூலை 9

யோசித்துவிட்டாராம். வேண்டாமாம்.

தம்பி போனில் கெஞ்சினார், கேட்கவில்லை. நான் கத்தினேன், கேட்கவில்லை. ஒரு தடவை பட்டதே போதும், மறுபடி செய்தாலும் நிற்கும் என்று என்ன நிச்சயம் என்றார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

“எத்தனை நாளைக்கு உன் தலையில ஏறி உக்கார்றது? உனக்கும் வேலை வெட்டி இருக்கு. பேசாம என் வீட்டுக்கே போறேன்.”

மூன்றாவது மாடி வீடு. லிஃப்ட் கிடையாது. படி தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு எப்படி ஏறுவார், எப்படி இறங்குவார், அடுப்பை எப்படிப் பற்ற வைப்பார்? கேட்டால், பழகிவிடுமாம். எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் வந்துவிட்டது. பாத்திரம் கழுவுகிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் வழக்கம் போல முக்காலியில் உட்கார்ந்தேன். லிஃப்ட் நாவலில் முப்பது பக்கம்தான் பாக்கி. துப்பறிகிறவள் எல்லோரையும் ஏழாவது மாடிக்கு வரச்சொல்லிவிட்டாள். ‘இந்தக் கொலையைச் செய்தவர்’ என்று வாயைத் திறக்கிறாள். புத்தகத்தை மூடினேன்.

“என்ன?” என்றார்.

“மிச்சத்தை ஆஸ்பத்திரியில படிக்கிறேன் அண்ணி. அங்க வந்தா கேக்கலாம்.”

மிரட்டுகிறாயா என்றார். ஆமாம் என்றேன். எழுந்து வந்துவிட்டேன். புத்தகத்தை ஒளிக்கவில்லை. மேசை மேலேயே வைத்தேன். அதுதான் கொடுமை என்று தெரிந்தேதான் வைத்தேன்.

ஜூலை 10

இரண்டு பேருக்கும் பேச்சில்லை. தம்பிக்குப் போன் போட்டு, வந்து படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். எனக்குப் பயந்து அவர் முடியாது என்றுவிட்டார். கல்யாணமானதிலிருந்து அந்த மனுஷன் எடுத்த முதல் உருப்படியான முடிவு.

ஜூலை 11

கடையிலிருந்து கொஞ்சம் சீக்கிரம் வந்தேன். செருப்பைக் கழற்றும்போதே ஹால் தெரிந்தது. நாத்தனார் ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து, புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்திருந்தார். கையில் பூதக்கண்ணாடி. கண்ணாடியை ஏற்றுகிறார், இறக்குகிறார், தலையைச் சாய்க்கிறார், பக்கத்தைத் திருப்புகிறார். புத்தகம் தலைகீழாக இருந்தது.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவமானமாக இருந்தது – அவருக்காக இல்லை, என்னை நினைத்து. இப்படியா ஒருத்தர் கழுத்தில் கத்தி வைப்பது? போய் வாங்கி, மிச்சத்தை வாசித்துவிடலாம் என்றுதான் உள்ளே போனேன்.

சத்தம் கேட்டும் அவர் புத்தகத்தை மறைக்கவில்லை. மடியில் இறக்கி வைத்தார்.

“ஒரு எழுத்துகூடத் தெரியல” என்றார். “கறுப்பா எறும்பு ஓடற மாதிரி இருக்கு.”

பக்கத்தில் உட்கார்ந்தேன். படிக்கட்டுமா அண்ணி, ஆஸ்பத்திரி பேச்செல்லாம் வேண்டாம், சும்மா படிக்கிறேன் என்றேன். தலையாட்டினார், வேண்டாம் என்று.

“பயமா இருக்கு” என்றார். அந்தக் குரலில் விசிலே இல்லை. “அந்த டேபிள்ல படுத்துக்கிட்டு, கண்ணை மட்டும்தான் மரத்துப்போக வைக்கிறாங்க, எல்லாம் காதுல விழும், ஒண்ணும் பண்ண முடியாது. நீ கூட வர்றியா?”

உள்ளே விடமாட்டார்கள், கதவு வரைக்கும் வருகிறேன் என்றேன். சரி, டாக்டருக்குப் போன் போடு என்றார்.

ஜூலை 12

ஆபரேஷனுக்கு முன் காத்திருக்கிற அறை. பச்சை அங்கி, தலையில் பிளாஸ்டிக் தொப்பி, கண்ணைச் சுற்றி மருந்து. நான் பக்கத்தில் உட்கார்ந்து லிஃப்ட் நாவலின் கடைசி முப்பது பக்கத்தை வாசித்தேன். மெக்கானிக் இல்லை. பெண்டாட்டியும் இல்லை. ஏழாவது மாடியில் ஏறியவர் வேறு, கீழே செத்துக் கிடந்தவர் வேறு. இரட்டைப் பிறவி! முந்நூறு பக்கத்தில் ஒரு வரியில்கூட வராத தம்பி. நடுவில் எப்படி மாறினார்கள்? லிஃப்டின் கூரையில் ஒரு கதவாம்.

நாத்தனார் படுத்த இடத்திலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். இதற்காகவா நான் பட்டினியாக வந்து படுத்திருக்கிறேன் என்றார். இதை எழுதினவனை மைதானத்தைச் சுற்றி ஓட விட வேண்டும் என்றார். கணவனை மாற்றி வைத்தால் பெண்டாட்டிக்குத் தெரியாதா என்று நானும் சேர்ந்துகொண்டேன். பி.பி. பார்க்க வந்த நர்ஸ் இருவரையும் அதட்டினார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று.

தள்ளுகட்டிலில் கூட்டிக்கொண்டு போகும்போதும் “கூரையில கதவாம்” என்று சொல்லிக்கொண்டேதான் போனார். என் கையை விட்டது கதவுக்குப் பக்கத்தில்தான்.

ஜூலை 13

விழித்திரை ஒட்டியிருக்கிறது. குப்புறப் படுக்கை. முக்காலி பழைய இடத்தில்.

ஆகஸ்ட் 9

டாக்டர் மூடி மறைக்காமல் சொல்லிவிட்டார். கண் தப்பித்தது. நடக்கலாம், படி ஏறலாம், ஆள் தெரியும், பேருந்தின் நிறம் தெரியும். அச்செழுத்து மட்டும் சந்தேகம்தான். பின்னால் எண்ணெயை எடுத்தாலும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

ஆட்டோவில் திரும்பினோம். பாதி வழியில் நாத்தனார், அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் முதுகை வளைத்து நடக்கிறான், கெட்ட பழக்கம் என்றார். தெரியுதா அண்ணி என்றேன். சட்டை தெரியுது, முதுகு தெரியுது, மூஞ்சி கொஞ்சம் கலங்கல், பரவாயில்லை, மூஞ்சி யாருக்கு வேணும் என்றார்.

அந்த மூன்றாவது மாடி வீட்டைக் காலி பண்ணிவிட்டு எங்களோடேயே இருங்கள் என்று கேட்டேன். தம்பியைக் கேட்டாயா என்றார். இனிமேல்தான் கேட்க வேண்டும் என்றேன். வீட்டு வாசலில் இறங்கும்போது, “எனக்கு ஜன்னல் பக்கம் கட்டில் வேணும்” என்றார்.

ஆகஸ்ட் 25

சாமான் வந்தது. இரண்டு டம்பெல்ஸ், ஒரு ஸ்டாப் வாட்ச், எழுபது ஜோடி காலுறை. இவ்வளவு காலுறை யாருக்கு என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறார். என்னையும் காலையில் கை காலை நீட்டி மடக்கச் சொல்கிறார். முடியாது என்றேன். நாளைக்கு ஆறு மணிக்காம்.

செப்டம்பர் 14

புதுப் புத்தகம். பெரிய மாளிகையில் மர்மத் தீ. மத்தியானம் கடையில் கூட்டமில்லை; கவுன்டருக்கு அடியில் வைத்து மூன்று அத்தியாயம் படித்துவிட்டேன். வீடு பற்றி எரிகிறது, கதாநாயகி கண்ணாடி முன்னால் நின்று தன் புருவத்தை ஒரு பக்கத்துக்கு வர்ணிக்கிறாள். இருமல் மருந்து வாங்க வந்தவர் முன்னாலேயே சிரித்துவிட்டேன். அவர் தன் இருமலைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்துக் கோபித்துக்கொண்டார்.

சாயங்காலம் ஒன்றும் தெரியாதவள் மாதிரி முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். தீ வந்தது. கண்ணாடி வந்தது.

“நிறுத்து” என்றார் நாத்தனார். “இதை நீ ஏற்கெனவே படிச்சிட்ட.”

இல்லையே என்றேன்.

“பொய் சொல்லாத. புருவம் வர்றதுக்கு முன்னாடியே உன் குரல் சிரிக்குது.”

மாட்டிக்கொண்டேன். கடையில் சும்மா இருந்தேன், கொஞ்சம்தான் படித்தேன் என்று இழுத்தேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டுவிட்டார் என்று தெரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“இனிமே தனியாப் படிக்காத.”

சரி என்றேன். அந்தப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு பேருமே படிக்காத வேறொன்றை எடுத்துவந்து முதல் பக்கத்தைத் திறந்தேன்.