தொடைச்ச வானம்

வெள்ளிக்கிழமை, ராத்திரி

இத்தாலி ஓவிய முகாம்லேருந்து நான் வரைஞ்சு கொண்டாந்த படத்த இவர் இன்னிக்கித்தான் குவார்ட்டர்ஸ் ஹால்ல மாட்டினார். மாட்டிட்டு, "வானம் ஏன் இப்படி ஈஷிக்கினு கெடக்கு?"ன்னு கேட்டார்.

சொன்னேன். ஆயில் பெயின்ட் காயட்டும்னு அங்க ராத்திரி வராந்தாவுல வச்சிருந்தேன். விடிஞ்சு எழுந்ததும், நெய்வேலியில நாற்காலி, கொடிக்கயிறுன்னு தெனம் அனல்மின் நிலையச் சாம்பல் தொடைக்கிற கை, தானா துணிய எடுத்துப் படத்தையும் தொடைச்சிடுச்சு. அந்த ஊர்ல சாம்பல் ஏது? ஈர நீலம் பூரா இழுபட்டுப் போச்சு.

ஏன் தொடைச்சேன்னு பயிற்சி குடுத்த அம்மா கேட்டாங்க. சொல்லித் தொலைச்சேன். அன்னிலேருந்து கடைசி நாள் வரைக்கும் சாப்பாட்டு மேசையில எல்லாரும் சாம்பலப் பத்தியே கேட்டாங்க. மூச்சு விட முடியுமா, கொழந்தைங்க இருமுமான்னு. மரத்துக்கு நான் என்ன பச்ச போட்டேன்னு ஒருத்தருக்கும் கேக்கத் தோணல.

இவர் விழுந்து விழுந்து சிரிச்சார். "அவ்ளோ தூரம் போயும் வூட்டு வேலதானடி பாத்திருக்க!"

நைட் ஷிப்டுக்குக் கெளம்பிட்டார். சாயங்காலம் மாட்டின படம். அதுக்குள்ள சட்டத்து மேல சாம்பல் படிஞ்சிருக்கு. தொடைக்கிற துணி பக்கத்துலதான் கெடக்கு. கை போவுது.

தொடமாட்டேன். காலையில வந்து அவரே தொடைக்கட்டும்.