கழற்றி வைக்கும் சத்தம்

செவ்வாய். கொளுத்தும் வெயில். திண்டிவனம் பஸ்.

இல்லை, அப்பாவின் வாட்ச் முலாம் இல்லை. அசல் தங்கம். கேஸ், சங்கிலிப்பட்டை இரண்டும். எனக்கு நிச்சயமான முரளியின் அம்மாவிடம் போனில் சொல்லி வாய் வலிக்கிறது. "பழைய வாட்சாமே? மாப்பிள்ளைக்கு யாராவது பழசக் கட்டுவாங்களா?" அதனால் அவர்கள் ஊர் வாட்ச் கடையிலேயே காட்டி, தரமும் விலையும் கேட்டு வரச் சொன்னார் அப்பா. கல்யாணத்தன்று அவர் கையிலிருந்து முரளி கைக்கு மாற வேண்டும். அம்மாவின் அப்பா தன் மாப்பிள்ளைக்குக் கட்டிய வாட்ச். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு பென்ஷன்காரர் வீட்டில் வாங்கியதாம்.

கடைக்காரர் வாய் ஓயாதவர். ஒரு கண்ணில் லென்ஸ், மறு கண் என் மேல்.

"இன்னாம்மா இது, கீறலே காணோம்! டயல்ல ஒரு புள்ளி கூட இல்ல. அப்பா இன்னா பண்றாரு?"

"விழுப்புரத்துல மல்லாட்டை மண்டி."

"கடலை மூட்டைங்க நடுவுல இருந்துக்கினு இவ்ளோ பதமா வெச்சிக்கினு இருக்காரா? எங்கயும் இடிக்கல பாரு. ரொம்ப சாந்தமான மனுஷன்."



மெஷின்: ஓடுகிறது, எண்ணெய் போட வேண்டும். கேஸ்: நெளிவு இல்லை. கொக்கி: தேய்மானம்.

"இதான் புரியல. ராத்திரி ஒரு வாட்டி கழட்டினா இப்பிடித் தேயாது. சும்மா சும்மா கழட்டி மாட்டுவாரா?"

"ஆமாங்க."

உருக்கினால் தங்க விலை. வாட்சாக விற்றால் அதைவிடப் பல மடங்கு. "உருக்கிடாதீங்க, பாவம்." கொக்கியைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை வாங்க வேண்டும்.

புதன். மேகமூட்டம். விடைத்தாள் பாதி திருத்தினேன்.

கடைக்காரர் பார்த்தது சரி. வாட்ச் எதிலும் இடித்ததில்லை. அடிக்கும் முன் அப்பா அதைக் கழற்றிவிடுவார். டக். பிரிட்ஜ் மேல், துணி விரிப்பில், முகம் மேலே பார்க்க வைப்பார். பிறகு திரும்புவார். எல்லாம் முடிந்ததும் எடுத்துக் கட்டிக்கொண்டு மணி பார்ப்பார்.

அந்த டக்குக்கும் முதல் அடிக்கும் இடையில் கொஞ்சம் நேரம். அம்மா அதற்குள் அடுப்பை அணைப்பாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அரிசி டப்பா மேல் வைப்பாள். கூடத்துக்கு வந்து நிற்பாள், அங்கே முட்டிக்கொள்ளும் மூலைகள் குறைவு. சின்ன வயதில் ஜன்னல் சாத்துவது என் வேலை. யாரும் சொல்லித் தந்ததில்லை.

டயலில் ஒரு புள்ளி இல்லை. அம்மா: இடது புருவம், இரண்டு விரல்கள், ஒரு கடைவாய்ப் பல். இதை யார் லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள்?

வியாழன். வானிலை தெரியாது. ஆஸ்பத்திரி.

காலையில் அம்மா பூரி சுட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. அதில் மாமாவின் பெயர் அப்பாவின் தம்பி பெயருக்கு மேலே.

"யாரக் கேட்டுடி போட்ட?"

அப்பா சமையலறைக்குள் போனார். வலது கை தானாக இடது மணிக்கட்டைத் தேடியது. அங்கே எதுவும் இல்லை. அடித்துவிட்டார்.

கண்ணாடி அம்மாவின் முகத்திலேயே உடைந்தது. அவள் பிடிமானத்துக்குக் கை நீட்டினாள். வாணலி சாய்ந்தது. முழங்கையிலிருந்து விரல் வரை. வளையலை வெட்டி எடுத்தபோது தோலும் கூடவே வந்தது.

நர்ஸ்: "இன்னாம்மா ஆச்சு?"

"எண்ணெ தெறிச்சிடுச்சு."

"தெறிச்சா இப்பிடியா ஆவும்?" பிறகு அவளும் கேட்கவில்லை.

ஆட்டோவில் அம்மா மெதுவாக: "சத்தமே கேக்கலடி. கேட்டிருந்தா அடுப்ப அணைச்சிருப்பேன்."

புகார் இல்லை. குழப்பம்தான். சத்தம் திண்டிவனத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. வைத்தது நான்.

வெள்ளி. மழை.

"புதுக் கொக்கி போட்டாச்சு. பூ மாதிரி திறக்கும், சத்தமே வராது."

"பழசையே போட்டுக் குடுங்க."

"இன்னா பொண்ணும்மா நீ! அன்னிக்கே சொல்ல வேணாமா? பேஜாரு புடிச்ச வேலை." திட்டிக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றது. யோசித்தேன். அப்பாவிடம் கொடுத்தால் அம்மாவுக்கு அந்தக் கொஞ்ச நேரம் திரும்பக் கிடைக்கும். முரளி கையில் போனால் ஆயுள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். உருக்கினால் சத்தமில்லாமல் அடி விழும். விலை கேட்கப் போனேன். எங்கள் வீட்டில் அதன் மதிப்பு ஓர் அடுப்பை அணைக்கும் நேரம். அவ்வளவுதான்.

என் கையில் கட்டிக்கொண்டேன். தொளதொள.

வீட்டில் அப்பா. "இன்னா சொன்னான்?"

"கீறலே இல்லையாம். கட்டினவரு சாந்தமான மனுஷனாம்."

சிரித்தார். "குடு."

"குடுக்க மாட்டேன். அம்மாவோட அப்பா வாங்கினது."

"இன்னாடி, ரெண்டு எழுத்துப் படிச்சதும் வாய் நீளுதா?" நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்தார்.

நான் பிரிட்ஜ் பக்கம் போனேன். கொக்கியைத் திறந்தேன். டக். வாட்சைத் துணி விரிப்பில் வைத்தேன், முகம் மேலே பார்க்க. திரும்பினேன்.

உள்ளே அம்மா அடுப்பை அணைத்தாள். பழக்கம்.

அப்பாவின் இரண்டு கைகளும் மேலே போய் முகத்தை மறைத்துக்கொண்டன. என் கையில் ஒன்றுமே இல்லை. "ஏய், இன்னா பண்ணப் போற?" குரல் உடைந்திருந்தது. அவருக்கும் அந்தச் சத்தம் அத்தனை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அடிக்க ஆசையாக இருந்தது. தோளிலிருந்து விரல் நுனி வரை. பல் உடையும் சத்தத்தைக்கூட முன்னதாகவே கேட்டேன். அவர் மகள்தான் நான். இதையும் எழுதி வைக்கிறேன்.

அடிக்கவில்லை.

வாட்சை எடுத்து அம்மாவின் கட்டுப் போடாத கையில் மாட்டினேன். முரளிக்குப் போன் செய்து, வாட்ச் வராது என்றேன், ஏன் என்பதையும் சொன்னேன். அம்மாவின் புடவைகள், மருந்துச் சீட்டு, திருத்தாத விடைத்தாள்கள், எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, அம்மாவோடு கிளம்ப ஆட்டோ கூப்பிட்டேன்.