இடக்கைக்கு எட்டும் உயரம்

இயேசு மரி சூசை துணை

தெம்பனிஸ்,
அக்டோபர் 18, சனிக்கிழமை

அன்பு மகள் லொரைனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. மாதாவின் பரிந்துரையால் நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம். கால்கரியில் இப்போதே பனி விழத் தொடங்கிவிட்டது என்று செய்தியில் பார்த்தேன், நெஞ்சில் சளி கட்டாமல் நீ சுகமாக இருக்க வேண்டும். வாரம் இருமுறை போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், நான் சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிடுகிறேன். மேலும் எனக்குக் கோபம் பேசும்போது சரியாக வருவதில்லை, எழுதும்போதுதான் வரிசையாக வருகிறது. இப்போது நிறைய வந்திருக்கிறது.

சமையலறை வேலை நடப்பது உனக்குத் தெரியும். அதை எடுத்துச் செய்பவர் கிளாரன்ஸ், நம் கோவில் அன்பியக் கூட்டத்தில் செபமாலை சொல்ல முன்னால் நிற்பாரே, அவர்தான். உன் அண்ணன் ஆர்னால்ட் பொங்கோலில் தன் வீட்டுக்கு வேறு ஒரு குழுவை வைத்துக்கொண்டான், எங்களுக்கும் அவர்களையே பார்க்கலாம் என்றான். நான்தான் நம் கோவில் ஆள் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்றேன். போன தவக்காலத்தில் அம்மாவுக்குத் தோள்வலி வந்தபோது நான்கு முறை தன் காரில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனவர், அவருக்கு எப்படி இல்லை என்று சொல்வது? வேலை தொடங்குமுன் நான் கட்டம்போட்ட தாளில் மூன்று படம் வரைந்து கொடுத்தேன். ஒன்றில் கேஸ் குழாய், ஒன்றில் தண்ணீர்க் குழாய்கள், மூன்றாவதில் எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்ற வரிசை. முதலில் கேஸ், அடுத்து தண்ணீரும் கழிவுநீரும், பிறகு தரைக்கல், கடைசியாகத்தான் அலமாரி. துறைமுகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் சரக்குப் பட்டியல் சரிபார்த்தவன் நான், குழாய் தெரியாவிட்டாலும் வரிசை தெரியும். அவர் படத்தைப் பார்த்துச் சிரித்து, "அங்கிள், நீங்க ரிட்டையர் ஆகவே இல்ல லா" என்று தோளில் தட்டினார். அன்று அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

நடந்தது என்ன தெரியுமா? முதலில் வந்தது அலமாரி! ஆளைவிட உயரமாக ஒரு பெட்டி, அதன் பக்கத்தில் கீழே வரிசையாகப் பெட்டிகள், குழாய் எங்கே வரும் என்று யாரும் பாராமல் சுவரோடு பொருத்திவிட்டார்கள். தொழிற்சாலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டதாம், வேறு எங்கே வைப்பது என்றார் கிளாரன்ஸ். அவசரத்தில் தண்ணீர்க் குழாயை அடைப்பதற்கென்று துணிதுவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நான் குறித்திருந்த திருகு, இப்போது இயந்திரத்துக்குப் பின்னால் போய்விட்டது. குழாய் வெடித்தால் இயந்திரத்தை யார் நகர்த்துவது, எழுபத்தெட்டு வயதில் நானா? தொட்டியிலிருந்து போகும் கழிவுக்குழாய்க்குச் சரிவு போதாது என்று தோன்றி, ஒரு கோலிக்குண்டை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். உருளவில்லை. சொன்னேன், தண்ணி உருண்டையா இல்ல அங்கிள் என்றார்கள். என்னுடைய மூன்று படங்களும் எங்கே என்று தேடியபோது, முதல் படத்தின் மேல் வேலையாட்கள் கறிபஃப் வைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். எண்ணெய்க் கறையோடு எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறும் வீட்டுச் சோறு இல்லை. மூன்று வாரமாக நான் ரயிலேறி லிட்டில் இந்தியா போய்ப் பொட்டலம் வாங்கி வருகிறேன், அம்மா திறந்து பார்த்து உப்பு என்று ஒரு சொல் சொல்லிவிட்டு மூடிவைக்கிறாள்.

இதெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். கேஸ் வால்வு விஷயத்தைப் பொறுக்க முடியவில்லை. அது ஏன் என்று சொல்ல, உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு மணம் தெரியாது, லொரைன். மூன்று ஆண்டுக்கு முன் வந்த காய்ச்சலோடு போனது, திரும்பவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். தெரிந்தால் அடுப்பைவிட்டுத் தன்னை ஓரங்கட்டிவிடுவார்கள் என்பது அவள் பயம். நீ போன கிறிஸ்துமஸுக்கு வந்து தின்ற அத்தனையும் அவள் கண்ணாலும் காதாலும் சமைத்தது. கடுகு சத்தம் அடங்குவதைக் கேட்டு வெங்காயம் போடுகிறாள், மசாலா நிறம் மாறுவதைப் பார்த்து இறக்குகிறாள். மின் அடுப்பு வாங்கலாம் என்று ஆர்னால்ட் சொன்னபோது அவள் ஏன் அப்படிச் சீறினாள் என்று இப்போது உனக்குப் புரியும். தீயும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அவளுக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

ஆகஸ்டில் ஒரு காலை ரசம் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. அவள் அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கீழே போய்ச் செய்தித்தாள் வாங்கி வந்த நான் வாசற்கதவைத் திறந்ததும் வீடு முழுக்க கேஸ். சன்னலைத் திறந்து, தரையோடு இருந்த பழைய அலமாரிக்குள் தலையை விட்டு வால்வை மூடினேன். அவள் என்னைப் பார்த்து, ஏன் இப்படி ஓடுறீங்க என்று கேட்டாள். பாத்திரத் தொட்டியின் அடியில் துரு என்று உங்களிடம் சொன்னேனே, துருவும் இருந்தது, ஆனால் சமையலறையை இடிக்கச் சொன்னது இதற்காகத்தான். அணைந்தால் தானே கேஸை நிறுத்தும் அடுப்பு ஒன்று, அதோடு சமைத்து முடித்ததும் அவளே மூட ஒரு சுவர் வால்வு. அவளால் குனிய முடியாது, வலது தோளும் மேலே வராது. ஆகவே அடுப்புக்கு இடப்பக்கம், இடக்கைக்கு எட்டும் உயரத்தில் என்று முதல் படத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தேன். இந்த வேலை தொடங்கும்வரை அவள் சமைத்து முடித்த ஒவ்வொரு வேளையும் நான்தான் போய் மூடினேன். எல்லா வேளையும் நான் வீட்டில் இருப்பேன் என்று யார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்?

அந்தச் சிவப்பு வட்டத்தைத்தான் கிளாரன்ஸ் தன் படத்தில் உயரமான அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டார். குழாய் வெளியே தெரிந்தால் அழகில்லையாம். எனக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பாய். தெரியும். ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து அன்பியத்தார் எல்லோரும் சிராங்கூன் ரோட்டில் பசியாறப் போனோம். அங்கே தோசைத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு அவர் தன் படத்தை விரித்து, சைன் பண்ணிடுங்க அங்கிள், நாளைக்கே ஆர்டர் கொடுத்துடுறேன் என்று பேனாவை நீட்டினார். வட்டம் இடம் மாறியிருப்பதைப் பார்த்தேன். எட்டுப் பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தே தாரிக் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, பேனாவை நீட்டியவரோ அம்மாவை நான்கு முறை காரில் கூட்டிப்போனவர். பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டேன். அந்தப் பிறகு வரவே இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஒரு பெட்டி எண்ணிக்கை தவறினால்கூடக் கையெழுத்துப் போடாமல் கப்பலையே நிறுத்திவைத்தவன், என் வீட்டு அடுப்புக்குப் போட்டுவிட்டேன். கிளாரன்ஸ் மேல் இருக்கும் கோபத்தில் எவ்வளவு என் மேலே உள்ளது என்று பிரித்துப் பார்க்க இந்த வாரம் முழுவதும் முயன்றேன், முடியவில்லை.

வியாழக்கிழமை கேஸ் குழாய் போட உரிமம் பெற்ற ஆள் வந்தார், இம்ரான் என்று பெயர், நாற்பது வயதிருக்கும், தமிழ் நன்றாகப் பேசுகிறார். ஆர்னால்டும் விடுப்புப் போட்டு வந்திருந்தான். இம்ரான் அலமாரியைத் தட்டிப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மூடின பெட்டிக்குப் பின்னால் வால்வை வைத்தால் அவசரத்துக்கு யார் கை போகும், நான் வைக்க மாட்டேன் என்றார். கிளாரன்ஸ் சிரித்துக்கொண்டே, அங்கிளே சைன் பண்ணியிருக்கார், பின்பலகையில ஓட்டை போட்டுக்கலாம் என்று தாளைக் காட்டினார். ஆர்னால்ட் என்னிடம், அப்பா, சைன் போட்டுட்டு இப்ப முகத்தைத் தூக்கி வச்சா எப்படி என்றான். சட்டைப்பையிலிருந்த எண்ணெய்க் கறைத் தாளை எடுத்து விரித்து, "கையெழுத்து என்னுதுதான், தப்பும் என்னுதுதான். அவளுக்கு மூக்கு வேலை செய்யலப்பா. கேஸ் கசிஞ்சா அவளுக்குத் தெரியாது. இந்த அலமாரியை எடுங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கூடத்தில் அம்மா உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கிளாரன்ஸின் சிரிப்பு நின்றுவிட்டது. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அங்கிள் என்று மெல்லச் சொன்னார். ஆர்னால்ட் எத்தனை வருஷமாப்பா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சன்னலருகே போய் நின்றுகொண்டான். லொரைனுக்கு நானே எழுதுகிறேன், நீ முந்திக்கொள்ளாதே என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

அலமாரியைக் கழற்ற அரை மணி நேரமானது. பிறகு இம்ரான் என் படத்தை வைத்துக்கொண்டு, தரையிலிருந்து நூற்று நாற்பத்திரண்டு சென்டிமீட்டரில் சுவரில் பென்சிலால் குறித்தார். கூடத்து நாட்காட்டியில் அம்மா இடக்கையால் தாள் கிழிக்கும் உயரம் அது, நான் இரண்டு முறை அளந்தது. கூடத்திலிருந்து அம்மா எழுந்து உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கீழ்ப்பெட்டிகளின் முன்னால் நின்று இடக்கையை நீட்டினாள். குறிக்கு ஒரு சாண் கீழேயே கை நின்றுவிட்டது. எனக்குப் புரியவில்லை, அளவை மறுபடி பார்த்தேன். அவள் சொன்னாள்: "காலண்டருக்கு முன்னாடி மேடையா இருக்கு?"

இடையில் அறுபது சென்டிமீட்டர் அகல மேடை வருவதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை, லொரைன். மூன்று படம் வரைந்தவன், சுவரை அளந்தவன், நாட்காட்டியை அளந்தவன், ஒருமுறைகூட அவளைக் கூப்பிட்டு, இங்கே நின்று கையை நீட்டிக் காட்டு என்று கேட்கவில்லை. கேட்டால் எதற்கென்று கேட்பாள், கேஸ் பேச்சு வரும், அவள் மனம் நோகும் என்று ஒதுங்கிவிட்டேன். நான் போட்ட வரிசைப்படி வேலை நடந்திருந்தால் வால்வு முதலில் போயிருக்கும், மேடை வந்த பிறகுதான் தவறு தெரிந்திருக்கும். அலமாரியை முதலில் கொண்டுவந்து வைத்த குற்றத்துக்காகக் கிளாரன்ஸை நான் இன்னும் மன்னிக்கவில்லை, ஆனால் அந்தக் குற்றத்தால்தான் இது தெரிந்தது என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். இம்ரான் அம்மாவிடம் கையைச் சுவரிலேயே வைத்திருக்கச் சொல்லி, விரல்கள் தொட்ட இடத்தில் குறுக்குக்கோடு போட்டார். வால்வு நேற்று அங்கே வந்துவிட்டது. நான் பார்க்க அவள் ஏழு முறை மூடித் திறந்தாள். கிளாரன்ஸ் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த திருகையும் வெளியே கொண்டுவந்துவிட்டார். கழிவுக்குழாயில் என் கோலிக்குண்டு இன்னும் உருளவில்லை, அதைத் திங்கட்கிழமை சொல்லப்போகிறேன், சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

சத்தியத்தை உடைத்ததற்கு அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்று நான் இந்தத் தாளை எடுத்ததும் பக்கத்தில் வந்து, லொரைனுக்கும் எழுதுறீங்களா என்றாள். ஆமாம் என்றேன். அப்ப இதையும் சேர்த்து எழுதுங்க என்று அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "டிசம்பர்ல வந்தா நான்தான் சமைப்பேன். யாரும் உள்ள வந்து மோந்து பார்த்துக்கிட்டு நிக்கக் கூடாது."

ஆகவே போனில் பேசும்போது மூக்கைப் பற்றிக் கேட்காதே, என்ன சமையல் என்று வழக்கம்போல் கேள். குளிர்காலத்துக்குக் காலணியின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொள். யாராவது தாளை நீட்டினால், பார்த்தது சரியில்லை என்று தோன்றினால், தேநீர் ஆறட்டும், கையெழுத்துப் போடாதே. ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் காப்பாராக, மாதா உன்னோடு இருப்பாராக. எங்கள் இருவருடைய ஆசியும் முத்தமும்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
எட்மண்ட்