சொன்ன பேச்சைக் கேட்கும் பனிவண்டி

என் பிடிவாதக்காரனுக்கு,

உன் புது மோட்டார் பனிவண்டி இப்போது சொன்ன பேச்சைக் கேட்கிறது. கடையில் அதை வெறும் வண்டியாகவே ஓட்டிச் சரிபார்த்திருக்கிறார்கள். பின்னால் நம் மந்தை மான்களின் தீவன மூட்டைகளை ஏற்றிய சறுக்குவண்டியைப் பூட்டினால் முன்பக்கம் எழும்பிவிடுகிறது. முன்சறுக்குகள் பனியைப் பிடிப்பதில்லை. அதனால்தான் அன்று நீ கைப்பிடியை எவ்வளவு திருப்பியும் வண்டி நேரே மரத்தில் போய் மோதியது.

நான் சுமையோடு ஓட்டி ஓட்டிப் பார்த்து, முன்பக்கம் எழும்பாமல் பிடித்துவைக்க அடியிலிருக்கும் வாரை ஒரு துளை இறுக்கினேன். கைப்பிடியையும் என் உயரத்துக்கு இறக்கினேன். உன் தம்பி நீல்லாஸ் வேலியில் சாய்ந்துகொண்டு சிரித்தான்.

"அண்ணி, அண்ணன் வந்தா கைப்பிடிய மறுபடி ஏத்தணுமே!"

"உன் வேலையப் பாருடா."

பிறகு மந்தை வரை போனேன். நீ மோதிய அந்த பிர்ச் மரத்தைச் சுற்றி வளைத்துத் திரும்பினேன், பட்டைகூட உரசவில்லை. எனக்கே சிரிப்பு வந்தது.

அடிபட்ட உன் காலைப் பற்றி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. இருக்கையின் பின்பாதியில் முதுகு சாய ஒரு பலகை பொருத்தி, மான் தோல் விரித்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்துகொண்டு 'மெதுவா, மெதுவா' என்று கத்தினால் பாதி வழியில் இறக்கிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் ஓட்டுநர்