ஒன்பது நாளில் ஒரு தையல் அறை

விஸ்கான்சின்,
1997 டிசம்பர் 2, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் கிரெட்சனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். டகோமாவில் மழை விடாமல் பெய்வதாகச் செய்தியில் சொன்னார்கள். நீயும் மாப்பிள்ளை ரோலண்டும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். பதில் எழுத நேரமில்லாவிட்டால் பரவாயில்லை. படித்தால் போதும்.

முதலில் நல்ல செய்தி. மாடி அறை மறுபடி என் கைக்கு வந்துவிட்டது. நீ கல்யாணமாகிப் போன பிறகு நான் தையல் அறையாக வைத்திருந்தேனே, அந்த அறை. டெல்மர் சித்தப்பா பிடுங்கிக்கொண்டதை நான் பிடுங்கிவிட்டேன். இந்தக் கடிதத்தில் அவரை அவன் என்றுதான் எழுதப் போகிறேன். பெரியவர்களை அப்படிச் சொல்லக்கூடாது என்று உன்னை அடித்து வளர்த்தவள் நான்தான். பொறுத்துக்கொள்.

நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. டாட்டி சித்தி இறந்ததும் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவன் நான்கு வருடமாகக் கீழ்த்தள அறையில் இருந்தான். ஈரம் முழங்காலுக்கு ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தான். போன மே மாதம் பித்தப்பை அறுவைக்காக நான் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாடிக்கு ஏறிவிட்டான். வயிற்றில் தையலோடு நான் திரும்பி வந்து கதவைத் திறந்தால் உள்ளே அவனுடைய சாய்வு நாற்காலி, தொலைக்காட்சிப் பெட்டி, சுவரில் பாடம் செய்த ஒரு பெரிய மீன். முப்பது வருடமாக நான் சேர்த்த துணி ஒன்றுகூட இல்லை. குப்பைமேட்டுக்கு லாரியில் இரண்டு நடை அடித்ததாகச் சொன்னான். அதில் பெருமை வேறு. தையல் மெஷினை மட்டும் இரும்பு கனமாக இருக்கிறதே என்று கார் கொட்டகையில் போட்டு வைத்திருந்தான்.

உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு, "நீ இப்பல்லாம் தைக்கிறதே இல்லையேன்னு விட்டுட்டேன்" என்றார். ஒரு வகையில் நிஜம்தான். ஒரு வருடத்துக்கு மேலாக அந்தக் கதவை நான் திறக்கவில்லை. திறக்காத கதவு என்றால் வேண்டாத கதவு என்று ஆண்பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு மஞ்சள் பை இருந்தது. அதைப் பற்றி இன்று எழுத முடியவில்லை.

கத்துவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். ஆறு மாதம் அவனுக்குச் சமைத்துப் போட்டேன். அவன் சட்டைகளைத் தோய்த்து மடித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவன் புகையிலை வாங்கப் போகும் அரை மணி நேரத்தில் அளவு நாடாவோடு மாடிக்கு ஏறுவேன். ஒரு வாரம் ஜன்னல் சுவர், அடுத்த வாரம் கதவுச் சுவர். எல்லா அளவும் சர்ச் அறிக்கைத் தாள்களின் பின்பக்கம் எழுதிச் சமையல் புத்தகத்துக்குள் செருகி வைத்தேன். மான் வேட்டைக் காலம் ஒன்பது நாள் என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். அண்ணனும் தம்பியும் வடக்கே வேட்டைக் குடிலுக்குப் போனால் ஒன்பதாம் நாள் சாயங்காலம் வரை திரும்ப மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அவர்களுக்கு இறைச்சி ரொட்டி கட்டிக் கொடுத்துக் கையசைத்து அனுப்பினேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அடுத்த வீட்டு ஓப்பல் துளைபோடும் மெஷினோடு வந்து நின்றாள். முப்பது வருடம் தபால் மூட்டை தூக்கிய தோள் அவளுக்கு. சாய்வு நாற்காலியைப் படிக்கட்டில் அவள்தான் முதுகு கொடுத்து இறக்கினாள். அந்த மீனைக் கழற்றும்போது, "இது உன்னையேதான் முறைக்குது மார்லிஸ். இதை மொதல்ல வெளிய வையி, இல்லேன்னா சாட்சி சொல்லிடும்" என்றாள். சிரித்துச் சிரித்துத் தையல் போட்ட இடம் வலித்தது.

அவன் துணிமணிகளை மடித்துக் கீழ்த்தள அறைக் கட்டிலில் வைத்தேன். மற்றதை எல்லாம் தெரு ஓரத்தில் வைத்து, ‘இலவசம். எடுத்துக்கொள்ளவும்’ என்று அட்டையில் எழுதி நாற்காலியின் மேல் சாய்த்தேன். மத்தியானத்துக்குள் நாற்காலி போயிற்று. மீனை எடுக்கத்தான் இரண்டு பேர் சண்டை போட்டார்கள்.

கடைசியாக அவன் அலமாரியில் ஒரு தோல் பை. உள்ளே டாட்டியின் பௌலிங் பந்து. வியாழக்கிழமைகளில் பெண்கள் அணியில் அவள் உருட்டி விளையாடியது. கருநீலம். விரல் விடும் மூன்று ஓட்டையும் அவளுடைய சின்னக் கைக்கென்றே போட்டது. ஓப்பல் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் ஒன்றும் தெரியாமல் செய்யவில்லை கிரெட்சன். என்ன என்று தெரிந்துதான், பையின் ஜிப்பை இழுத்து மூடி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். பச்சைக் காரில் வந்த ஒரு பெண் எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு அறை. இப்படி ஓர் அறை எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. முன்பு இருந்தது பிறர் கழித்த சாமான்களை ஒண்டவைத்த இடம். பழைய கதவுப் பலகை ஒன்றை இரண்டு இழுப்பறைப் பெட்டிகளின் மேல் போட்டு வெட்டும் மேசை செய்தோம். என் முழங்கை உயரம், ஒரு அங்குலம் கூடக் குறைய இல்லை. சமையலறை மேசையில் குனிந்து வெட்டியே என் இடுப்பு போனது. வடக்கு ஜன்னலுக்குக் கீழே மெஷின். நாற்காலியிலிருந்து எழாமலே எட்டுகிற தூரத்தில் இஸ்திரிப் பலகை. ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் முழுக்க ஓட்டைப் பலகை அடித்து, கத்தரிகளைக் கொக்கிகளில் மாட்டி, ஒவ்வொன்றைச் சுற்றியும் பென்சிலால் அதன் உருவத்தை வரைந்தேன். ஒன்றை யாராவது எடுத்தால் சுவரே காட்டிக்கொடுக்கும். ஊறுகாய் ஜாடிகளின் மூடிகளை அலமாரித் தட்டின் அடியில் திருகாணி போட்டு முடுக்கி, பொத்தான் நிரப்பிய ஜாடிகளை அதில் திருகித் தொங்கவிட்டோம். அது ஓப்பலின் யோசனை. துணிகளை இந்த முறை அளவு பார்த்து வைக்கவில்லை, நிறம் பார்த்து அடுக்கினேன். சர்ச் பெண்கள் ஆளுக்கு ஒரு பை கொண்டுவந்து கொடுத்ததால் மூன்று தட்டு நிறைந்தது. கடைசி வேலையாகக் கதவுக்குப் பூட்டு. சாவி இரண்டும் என்னிடம்.

ஞாயிறு சாயங்காலம் வந்தார்கள். டெல்மர் பூட்ஸோடு தடதடவென்று மாடி ஏறினான். கதவு திறந்தேதான் இருந்தது. நான் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் நின்று சுவர் சுவராகப் பார்த்தான். நாற்காலியைக் கேட்கவில்லை, மீனைக் கேட்கவில்லை. "டாட்டியோட பை எங்க?" என்றான்.

"பயப்படாதே, குப்பைமேட்டுக்குப் போகல. பச்சைக் கார்ல வந்த ஒருத்தி ஆசையா எடுத்துட்டுப் போனா" என்றேன்.

ஒன்பது நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில். குரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அவன் கீழே இறங்கித் தெரு ஓரத்தில் பனியில் வெகுநேரம் நின்றான். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். முழுக்கப் பார்த்தேன்.

உன் அப்பா மூன்று நாளாக என்னிடம் உப்பு எங்கே என்று மட்டும்தான் கேட்கிறார். போகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். ரோலண்டைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா

*

1998 பிப்ரவரி 11, புதன்கிழமை.

அன்பு கிரெட்சன்,

உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை, நானும் எதிர்பார்த்து எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்கு ரோலண்ட் கையெழுத்தில் வந்த வாழ்த்து அட்டையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். அப்பாவுக்குக் காது இன்னும் மோசம். ஏரி உறைந்துவிட்டது. பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போகிறார்.

டெல்மர் இப்போது இங்கே இல்லை. ஏரிக்கரையில் ஒரு டிரெய்லர் வீட்டுக்கு டிசம்பரிலேயே போய்விட்டான். அதற்கு முன் மூன்று நாள், பச்சைக் கார் ஒன்றைத் தேடி லாரியில் ஊரைச் சுற்றினானாம். அப்பா சொன்னார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், திரும்பவில்லை.

ஜனவரியில் ஓப்பல் ஒரு செய்தி கொண்டுவந்தாள். பௌலிங் கூடத்தில் அந்தப் பந்தைப் பார்த்தாளாம். செவ்வாய்க்கிழமை, ஏழாவது தடம். நானும் போய்ப் பார்த்தேன். பாலாடைக்கட்டி ஆலையில் வேலை செய்யும் பெண், ட்ரேசி என்று பெயர். சின்னக் கை. பந்து அவளுக்கென்றே செய்ததுபோல உட்கார்ந்திருந்தது. நான் யார் என்று சொல்லாமல் வந்துவிட்டேன். டெல்மரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்று அவனுக்குத் தெரியாது என்பதே இனிப்பு மிட்டாய் மாதிரி வாயில் கிடந்தது.

போன மாதக் கடைசியில் மிச்சமிருந்த குளிர்கால உடைகளை எடுக்க அவன் வந்தான். மாடி ஏறி வந்து கதவைத் தட்டினான். நான்கு வருடத்தில் இந்த வீட்டில் அவன் ஒரு கதவைத் தட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. உள்ளே வரவில்லை. நிலையில் கை வைத்து நின்றான்.

அவன் சொன்னதை எழுதுவதற்கு முன் அந்த மஞ்சள் பையைப் பற்றி எழுதியாக வேண்டும். நீ கர்ப்பம் என்று சொன்ன வாரம் நான் ஒரு ஒட்டுத்துணிப் போர்வை தொடங்கினேன். தொட்டில் அளவு. மஞ்சளும் வெள்ளையும், ஓரம் முழுக்கச் சின்ன வாத்துகள். நீ ஊருக்கு வரும்போது காட்டலாம் என்று வாய் திறக்கவில்லை. பாதிக்கு மேல் முடிந்திருந்தபோது, 96 மார்ச் ஒன்பதாம் தேதி, குழந்தை போய்விட்டது என்று ரோலண்டின் ஃபோன் வந்தது. நான் உங்களிடம் வந்து திரும்பிய பிறகு போர்வையை ஒரு பையில் போட்டு, கீழ்த்தட்டில் வைத்து, கதவைச் சாத்தினேன். டெல்மர் லாரியில் ஏற்றியதில் அதுவும் போனது.

அவன் சொன்னான்: "அந்த மஞ்சள் துணி என்னன்னு எனக்குத் தெரியும் மார்லிஸ். தெரிஞ்சுதான் போட்டேன். தெனம் காலையில அந்தக் கதவுப் பிடியைப் புடிச்சுக்கிட்டு நிப்பே. தொறக்க மாட்டே. எனக்குப் பாக்கச் சகிக்கல. டாட்டி சாமானை எவனாவது அப்பவே தூக்கிப் போட்டிருந்தா, நானும் மனுசனா இருந்திருப்பேனோ என்னவோ."

பிறகு, நானும் அவனுக்கு அதையே செய்துவிட்டதால் கணக்கு நேராகிவிட்டது என்றான்.

நான் எழுந்து நின்றேன். கையில் கத்தரி இருந்தது, அதை மேசையில் வைத்துவிட்டுத்தான் பேசினேன். "நேராகல டெல்மர். டாட்டி அந்தப் பந்தை இருபது வருசம் உருட்டினா. கிரெட்சனோட கொழந்தை அந்தப் போர்வைக்குள்ள ஒரு ராத்திரிகூடத் தூங்கல" என்றேன்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அப்போதுதான் செவ்வாய்க்கிழமையையும் ஏழாவது தடத்தையும் சொன்னேன். இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று நினைத்துவிடாதே. இன்னொருத்தி கையில் அது இருப்பதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். போனானாம். ஒரு பியரை வாங்கி வைத்துக்கொண்டு கடைசி ஆட்டம் வரை பார்த்தானாம். திரும்பக் கேட்கவில்லையாம். இதுவும் அப்பா சொன்னதுதான். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது. புதன்கிழமை மத்தியானம் வரை இருந்தது.

அவனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லிப் பாதிரியார் இரண்டு முறை வந்துவிட்டார். அவருக்குக் காப்பி கொடுத்து, ஓட்டைப் பலகையைக் காட்டி அனுப்பிவிட்டேன்.

ஆனால் அந்தப் புதன்கிழமையிலிருந்து வேறொன்று மனதில் கிடந்து அரிக்கிறது. எனக்கு நல்லது நினைத்துத்தான் செய்ததுபோல அவன் பேசியபோது எனக்கு வந்த கோபம், அதை எங்கேயோ முன்பே பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. உன் முகத்தில்தான். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலில் உட்கார்ந்து, உன் தலையைத் தடவி, ‘வயசு இருக்குடி, இன்னொண்ணு பொறக்கும்’ என்று சொன்னேனே, அப்போது. நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். நானும் நல்லது நினைத்துத்தான் சொன்னேன். அதைவிடக் கேடான வார்த்தையை நான் என் வாழ்நாளில் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருடமாக ஒரு வரி இல்லை. வாழ்த்து அட்டைகூட ரோலண்ட் கையால் வருகிறது. வேலை அதிகம் என்று அப்பாவிடம் சொல்லிச் சமாளித்தேன், எனக்கே சொல்லிக்கொண்டேன். இப்போது புரிகிறது. இந்தப் பிடிவாதம் உனக்கு வேறு யாரிடமிருந்து வந்திருக்கும்? என்னைத் தண்டிக்க உனக்கு உரிமை இருக்கிறது. அதைக் குறைத்துக்கொள் என்று கேட்க இதை எழுதவில்லை. கோபம் மிச்சமிருந்தால் கோபத்தோடேயே எழுது. திட்டி எழுது. உன் கையெழுத்தாக இருந்தால் போதும்.

எழுத முடியாவிட்டால் இன்னொன்று கேட்கிறேன். மார்ச் ஒன்பது வருகிறது. அன்று காலை பத்து மணிக்கு நான் ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ ஒன்றும் பேச வேண்டாம். நானும் வாயைத் திறந்து ஆறுதல் என்று எதையும் சொல்ல மாட்டேன், சத்தியம். நீ வைக்கும் வரை நான் வைக்க மாட்டேன்.

கடவுள் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும். அந்தக் குழந்தையையும் சேர்த்துத்தான் மூன்று என்கிறேன்.

உன் அம்மா,
மார்லிஸ்