செவலைய விக்கறதுக்கு முன்னாடி இத்த படி

யோவ் மாமா, செவலைய ஓட்டிகினு மாட்டாஸ்பத்திரிக்குப் போறேன். அச்சரப்பாக்கத்து புரோக்கர் வந்தா டீ குடுத்து அனுப்பிடு. மூணு ஊசி போட்டும் சினை நிக்கலன்னு நீ மலடுங்கற. மலடு இல்லய்யா, கர்ப்பப்பையில சீழு. நீ தினம் வால் பக்கம் வழியறத பளபளன்னு கழுவி வுட்டா டாக்டருக்கு எப்டி தெரியும்? நேத்து நீ கழுவறதுக்கு முன்னாடியே அவர கூட்டியாந்து காட்டிட்டேன். இன்னிக்கு உள்ள மருந்து வுடறாரு. அவரு சொல்ற வரிக்கும் பால சொசைட்டில ஊத்தாத.

நாஸ்தாவுக்கு இட்லி கீது. வண்டி சாவிய தேடாத, என்கிட்ட கீது. பின்னாடியே வந்து மாட்ட புடுங்குவ நீ.

இன்னொன்னு. கல்யாணமாகி ஏழு வருசம் எனக்கும்தான் ஒண்ணும் தங்கல. உங்கம்மா வேற பொண்ணு பாக்கச் சொன்னாங்களே, அப்ப நீ புரோக்கர கூப்ட்டியா இன்னா?